மெழுகு காயாத கார்

எங்க ஊட்டுக்காரரு கார் வாங்கிட்டு வந்த அன்னிக்கு மொத வேலையா என்ன செஞ்சாருன்னு நெனைக்கறீங்க? தேங்கா ஒடைக்கல, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கல. முன்சீட்டுல ஒரு புது வெள்ளைத் துண்டை விரிச்சாரு. நானும் பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு, கோயிலுக்குப் போறோமாக்கும்னு ஆசையா முன்கதவுகிட்டப் போய் நின்னேன். "நீ பின்னால ஏறிக்க புள்ள, இது மாமா உக்கார்ற எடம்"னாரு. மாமான்னா எங்கப்பா. அன்னூர்ல மளிகைக்கடை வெச்சிருந்தாரு. நாங்க கார் வாங்குன சேதியே அப்ப அவருக்குத் தெரியாது.

அன்னியிலிருந்து நான் பின்சீட்டுதான். நாங்க இருக்கற அரவேணு கடைவீதியில போய் நின்னோம்னா முன்னால இவரு ஒத்தையா, பின்னால நான் ஒத்தையா. பாக்கறவங்களுக்கு அது வாடகைக் காரா தெரியாம வேற எப்படித் தெரியும்? கோத்தகிரி சந்தைக்குப் போனா யாராவது ஒருத்தரு குனிஞ்சு, "குன்னூருக்கு வருமாங்க?"ன்னு கேப்பாரு. இவரு பல்லைக் காட்டிக்கிட்டு, "இல்லீங்க, சவாரி இருக்குது"ன்னு என்னையக் கைகாட்டுவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஏனுங்க, ஊட்டுக்காரின்னு சொல்ல வாய் வராதாக்கும்?"னு கேட்டா, "அதையெல்லாம் வெளக்கிக்கிட்டு நின்னா பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிப்பான் புள்ள"ம்பாரு. இந்த மனுசன்கிட்ட என்னத்தப் பேசறது!

எங்கப்பாவுக்கு ரெண்டு மருமகனுங்க. எங்கக்கா ஊட்டுக்காரருக்கு அவிநாசிப் பக்கம் எண்ணெய் மில்லு. அவரு வாசல்ல செருப்பக் கழட்டறதுக்குள்ள "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே, காப்பியா மோரா மாப்ளே"ன்னு அப்பா நூறு மாப்ளே போட்டுருவாரு. எங்க ஊட்டுக்காரரு டீ பேக்டரியில டீ மேக்கரு. பச்சை இலை உள்ள வர்றதுலருந்து தூளாகி மூட்டையில வெளிய போறவரைக்கும் அவரு பொறுப்பு. அப்பா இவரை ஒருநாளும் மாப்ளேன்னு கூப்புட்டதில்ல. "எஸ்டேட்டுக்காரரே"ம்பாரு. "எஸ்டேட் இல்லீங்க மாமா, பேக்டரிங்க"ன்னு இவரு பணிவாச் சொல்லுவாரு. "ரெண்டும் குளுருலதானுங்களே இருக்குது"ம்பாரு அப்பா. பேச்சு அத்தோட முடிஞ்சுரும்.

பொண்ணைக் கொண்டு போய்க் குளுருல தள்ள அவருக்கு மனசே இல்லைங்க. அது எங்கம்மா பக்கத்து ஒறம்பரை சனம் பேசி முடிச்ச சம்பந்தம். கல்யாணமான புதுசுல ஒருக்கா மலைக்கு வந்தாரு. வர்றப்ப பஸ்ஸுல வளைவுக்கு வளைவு வாந்தி. வந்த நாளுலருந்து அடைமழை. ரெண்டு முட்டியும் புடிச்சுக்கிச்சு. கீழ போனவரு, "எஸ்டேட்டுக்காரரு ஊருல சூரியனுக்கே லீவு குடுத்துட்டாங்க"ன்னு கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்காரு. இனிமே அந்த மனுசனை நம்பி எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்னு வேற சபதம். "ஏனுங்கப்பா, பஸ்ஸ ஓட்டுனது டிரைவருங்க, இவரில்லைங்களே"ன்னேன். "வரச்சொன்னது யாரு?"ன்னாரு. நியாயத்தப் பாருங்க!

இவருக்கு அப்பா இல்ல. நெனவு தெரியறதுக்கு முந்தியே போயிட்டாரு. அதனால கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவப் பாத்து "மாமா, மாமா"ன்னு வாய் நெறையக் கூப்புட்டுக்கிட்டு, "சொல்லுங்க மாப்ளே"ன்னு ஒரு வார்த்தை பதிலுக்கு வரும்னு பாத்துக்கிட்டே நின்னாரு. வரல. அப்பறமும் வரல. வாய்விட்டு ஒருநாளும் எங்கிட்ட சொன்னதில்ல. ஆனா யாருமே உக்காராத அந்தத் துண்டை வாராவாரம் அவரே தொவைச்சு, அடுப்போரமாக் காயவெச்சு, சுருக்கமில்லாம விரிக்கறதப் பாத்தா தெரியாதுங்களா? எனக்கு அந்தத் துண்டைக் கண்டா கோவமும் வரும், அழுகையும் வரும்.

இப்படி இருக்கறப்பத்தான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடுச்சு. அழைப்பு வெக்க மலைக்கு வந்தவன், தட்டத்தக் கீழ வெக்கறதுக்குள்ளயே, "மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க கார்தான் வேணும், நான் முடிவு பண்ணிட்டேன்"னான். எங்க ஊட்டு வழக்கம் என்னன்னா, கல்யாணத்துக்கு முந்துன நாள் சாயங்காலம் கோயில்ல கும்புட்டுட்டு, அங்கிருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளையக் கார்ல ஊர்வலமாக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. மாப்பிள்ளை பின்சீட்டுல. முன்சீட்டுல மாப்பிள்ளையோட அப்பா.

இவரு காப்பித் தம்ளரை அப்படியே புடிச்சுக்கிட்டு, "அப்ப முன்சீட்டுல?"ன்னாரு.

"அப்பாதானுங்க மாமா. வேற யாரு?"

இவரு மூஞ்சியப் பாக்கணுமே! காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியல. தம்பி படியெறங்குன ஒடனே காரைச் சுத்திச் சுத்தி வர ஆரம்பிச்சுட்டாரு.

கார் என்னமோ நல்ல கார்தாங்க. பழைய பியட்டு. கிரீம் கலரு. ஆனா மழையிலயும் பனியிலயும் நின்னு நின்னு, சுண்ணாம்படிச்ச செவுரு மாதிரி மங்கிப் போயிருந்துச்சு. இதுல மாமாவ ஏத்தறதான்னு கோயமுத்தூருக்கு எறங்கிப் போயி ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்தாரு. ஒண்ணு தேய்க்கிற பாலீசு. இன்னொண்ணு மெழுகு. மொதல்ல பாலீசு போட்டு மங்கலை எடுக்கணும், அப்பறம் மேல மெழுகு பூசணும், மெழுகு காஞ்சு வெள்ளையாப் பூத்து நின்னதும் மெத்துன்னு ஒரு துணியில தொடைச்சு எடுத்தா மூஞ்சி தெரியும். இதை எங்கிட்ட அவரு பாடம் மாதிரி ஒப்பிச்சாரு.

பாலீசு வேலை நல்லாத்தான் போச்சு. பனியன் வேஸ்ட்டுத் துணி ஒரு மூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு வட்ட வட்டமாத் தேய்ச்சாரு. துணியில கிரீம் கலரு ஒட்டுனதப் பாத்துட்டு, "ஐயையோ, பெயிண்டே கையோட வருது புள்ள!"ன்னு கத்துனாரு. நான் ரசத்தை அப்படியே உட்டுப்போட்டு ஓடியாந்தேன். பாத்தா, மேல இருந்த செத்த பெயிண்டுதான் வந்திருக்குது. அடியில நல்லா மினுமினுன்னு இருந்துச்சு. அன்னிக்குப் பூராவும் சோத்துத்தட்டுலகூட அவரு வெரலு வட்டமாத்தான் சுத்துச்சு.

மெழுகுலதான் வந்துச்சு வெனை. மெலிசாப் பூசணும்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. நானே படிச்சுக் காட்டுனேன். "மாமா உக்காரப்போற காருக்கு மெலிசாவா? என்ன பேச்சு பேசற?"ன்னாரு. தீவாளிக்குத் தலையில எண்ணெய் வெக்கற மாதிரி அப்பு அப்புன்னு அப்பி, டப்பாவக் கவுத்தி வழிச்சும் பூசிட்டாரு. அதுக்கப்பறம் காயட்டும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

ஐப்பசி மாசம், அரவேணு, மெழுகு காயணும். எங்கயாவது நடக்குமாங்க? எங்க ஊட்டுல ஐப்பசியில துவட்டுன துண்டே கார்த்திகையிலதான் காயும். காலையில மேகம் எறங்கி டீக்காட்டுக்குள்ள நொழைஞ்சா, எதுத்த ஊடு கண்ணுக்குத் தெரியாது. காரு மேல மெழுகும், மெழுகு மேல பொட்டுப் பொட்டாத் தண்ணியும், தண்ணியத் தொடைச்சா மறுபடி தண்ணியுமா நின்னுச்சு. தார்ப்பாய் கட்டிப் பாத்தாரு, உள்ளுக்குள்ளயே வேர்த்துச்சு. கரியடுப்பக் கொண்டாந்து பக்கத்துல வெச்சாரு, அடுப்புப் பக்கம் மட்டும் மெழுகு உருகிக் கதவோரமா ஒழுகுச்சு.

டீ மேக்கருங்களுக்குன்னு ஒரு கை உண்டு. பறிச்சு வந்த இலைய மேல்மாடியில பரப்பி, காத்து உட்டு வாட்டுவாங்க. வாட்டம் பதமா இருக்குதான்னு பாக்க ஒரு புடி இலைய எடுத்து உள்ளங்கையில அமுக்கித் தொறப்பாங்க. இவருக்கு அந்தப் பழக்கம் ஊட்டுக்குள்ளயும் உண்டு. ஈரத்துணியா இருக்கட்டும், பழைய சோறா இருக்கட்டும், அமுக்கிப் பாத்து "வாட்டம் பத்தல"ம்பாரு. காரை அமுக்க முடியாதில்லீங்களா? அதனால கன்னத்தக் கொண்டு போய் பானெட்டு மேல சாய்ச்சு, கண்ண மூடிக்கிட்டு, ஈரம் எவ்வளவு இருக்குதுன்னு பாத்தாரு. பக்கத்து ஊட்டு படுகக்கா வேலிப்பக்கம் வந்து, "அம்மா, உங்க சாருக்கு ஒடம்புக்கு ஏதாவதுங்களா? காரைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறாரே"ன்னு மெதுவாக் கேட்டாங்க. "ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்கக்கா"ன்னேன். மிச்சத்த அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க.

ஊர்வலத்துக்கு முந்துன நாளு. மெழுகு இன்னும் பிசுபிசுன்னு இருக்குது. இவரு கன்னத்தத் தொடைச்சுக்கிட்டு, "வாட்டம் பத்தல புள்ள. இது டிரையருக்குப் போனாத்தான் ஆகும்"னாரு.

"என்னது?"

"பேக்டரியில தூளு காயவெக்கற டிரையர் பக்கத்துல நிறுத்தறேன். வெதுவெதுன்னு காஞ்ச காத்து. மத்தியானத்துக்குள்ள பூத்துரும் பாரு. மொதலாளியும் ஊருல இல்ல."

எனக்கே அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. பேக்டரியில அந்த எடம் ஒண்ணுதான் ஐப்பசியிலயும் சித்திரை மாதிரி இருக்கும். ஆனா டிரையருக்குப் பக்கத்துலயேதான் தூளு சலிக்கிற மெசினும் இருக்குது. காஞ்ச தூளைச் சலிக்கறப்ப, காம்பு நாருலருந்து பொடிப்பொடியா ஒரு பஞ்சு கெளம்பும். டீ நெறத்துல, பூனை முடி மாதிரி. சலிக்கிற பொம்பளைங்க சாயங்காலம் வெளிய வர்றப்பப் பாக்கணும், தலை, புருவம், கண் ரப்பை எல்லாம் அதுவே ஒக்காந்திருக்கும். ஈரம், பிசுக்கு எங்க இருக்குதோ அங்க நேரா போய் ஒட்டும். இதை நீலகிரியிலயே நல்லாத் தெரிஞ்ச ஆளு யாருன்னா, எங்க ஊட்டுக்காரருதான். "பொழுது சாயற வரைக்கும் சலிக்கிற வேலை இல்ல, நானே சொல்லிட்டேன்"னாரு. நாலு பேரு சேந்து காரை உள்ள தள்ளி நிறுத்தீட்டு, நிம்மதியா ஊட்டுக்குச் சாப்புட வந்தாரு. "இன்னிக்குத்தான் புள்ள சோறே எறங்குது"ன்னு ரெண்டாவது தடவையும் கொழம்பு ஊத்திக்கிட்டாரு.

அங்க என்ன நடந்துச்சுன்னா, சலிக்கிற பொம்பளைங்களுக்கு இவரு மேல பிரியம் ஜாஸ்தி. சாரோட மச்சினனுக்குக் கல்யாணம், நம்ம வேலையச் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துட்டா மனுசன் நிம்மதியாப் பொறப்புடுவாருன்னு அவங்களாவே பேசிக்கிட்டு, சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்து மெசினைப் போட்டுட்டாங்க. கார் அந்தப் பக்கம் நின்னது அவங்களுக்குத் தெரியும். கார் மேல ஒரு டப்பா மெழுகு காயாம இருந்தது தெரியாது.

சாப்புட்டுட்டு நானும் கூடப் போனேன், காரு பூத்து நிக்கற அழகப் பாக்கலாம்னு. இவரு முன்னால போய்க் கதவத் தொறந்தவரு அப்படியே நின்னுட்டாரு. நான் அவரு தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். உள்ள கரடி நின்னுச்சுங்க. சக்கரம் வெச்ச கரடி. கூரை, கதவு, பானெட்டு, ஒரு எடம் பாக்கியில்லாம பொசுபொசுன்னு டீப்பஞ்சு மொளைச்சிருக்குது. பொம்பளைங்க துண்டை வாயில அடைச்சுக்கிட்டுக் குலுங்கறாங்க. ஒருத்தி மட்டும், "நல்ல கதகதன்னு இருக்குமுங்க சார்"னா. நான் சிரிச்சேனா அழுதேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பறம் அதை எடுக்கறதுக்குப் பட்ட பாடு! துணியில தொடைச்சா, பஞ்சு மெழுகுக்குள்ள இன்னும் ஆழமாப் போச்சு. சொரண்டுனா பெயிண்டு கீறுது. சுடுதண்ணி ஊத்துனா மெழுகு எளகும்னு யாரோ சொல்ல, ஒரு அண்டா கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்து ஊத்துனோம். மேல ஊத்துனது வெறும் தண்ணி, கீழ வடிஞ்சது டிகாசன். காருக்கடியில செவச்செவன்னு ஓடுது. முடி மட்டும் உதுந்துச்சு. நெறம் போகல. கிரீம் கலரு காரு, பால் கம்மியா ஊத்துன டீ கலருல, திட்டுத்திட்டா நின்னுச்சு. தொட்டாக் கையில ஒட்டுச்சு.

"பேசாம சக்கரை போட்டுக் குடிச்சுரலாமுங்க"ன்னேன்.

அவரு சிரிக்கல. கையிலிருந்த துணியப் பாத்துக்கிட்டே, "மாமா இதுல உக்கார மாட்டாரில்ல?"ன்னாரு.  அந்த நேரத்துல எங்கப்பா எதுர்ல நின்னிருந்தா, அப்பான்னுகூடப் பாக்காம நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மறுநா பொறப்புட்டோம். பஸ்ஸுல போலாம்னேன், கேக்கல. "மச்சினனுக்கு வாக்குக் குடுத்துட்டேன்"னாரு. முன்சீட்டுல புதுசாத் தொவைச்ச வெள்ளைத் துண்டு. பின்சீட்டுல சீர் தட்டம், பழக்கூடை, நடுவுல நான். மேட்டுப்பாளையம் எறங்குற வரைக்கும் குளுருக்கு எல்லாம் கெட்டியாத்தான் இருந்துச்சு. கீழ அன்னிக்குன்னு பாத்து வெயிலு, மண்டையப் பொளக்குது. மெழுகு எளக ஆரம்பிச்சதும் கெளம்புச்சு பாருங்க வாசம், பால் காய்ச்சி வெச்சுட்டுத் தூளு போட்ட மாதிரி கமகமன்னு. ரயில்வே கேட்டுல நின்னப்ப, பக்கத்து மாட்டுவண்டிக்காரரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்து, "டீ எங்கிங்க கொதிக்குது?"ன்னாரு. எங்க ஊட்டுக்காரரு கண்ணாடிய ஏத்திட்டாரு.

அன்னூர்ல கோயில் வாசல்ல கூட்டம் ஜேஜேன்னு இருக்குது. தவில்காரரு வெளுத்து வாங்கறாரு. எங்க காரு வந்து நின்னதும் என் தம்பி, பட்டுவேட்டி பட்டுச்சட்டையோட, "மாமா!"ன்னு ஓடியாந்து ரெண்டு கையையும் விரிச்சு அப்படியே கார் மேல சாஞ்சான். நான் உள்ளருந்து "வேண்டாம்டா!"ன்னு கத்துனது தவில் சத்தத்துல கேக்கல. நிமுந்தப்ப மாப்பிள்ளை பாதி வெள்ளை, பாதி டீ.

"அட கெரகமே!"ன்னு எங்கம்மா தலையில கைய வெச்சாங்க. அத்தனை சனமும் காரைச் சுத்திக்கிச்சு. மோந்து பாக்கறாங்க, தொட்டுப் பாக்கறாங்க, தொட்ட கையப் பக்கத்துல நிக்கறவங்க முதுகுல தொடைக்கறாங்க. எங்கக்கா ஊட்டுக்காரரு கறுப்புக் காரோட வந்திருந்தாரு, ஈ ஒக்காந்தா வழுக்கும், அப்படி ஒரு பளபளப்பு. அவரு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "என்ன சகலை, டீக்கடையவே சக்கரம் வெச்சுத் தள்ளிக்கிட்டு வந்துட்டீங்களா? மசால் வடையும் இருக்குதுங்களா?"ன்னாரு. கோயில் வாசலே சிரிச்சுச்சு. தம்பிய இழுத்துக்கிட்டுப் போய்க் கறுப்புக் கார்ல ஏத்துனாங்க.  எங்க ஊட்டுக்காரரு டிக்கியத் தொறந்து பனியன் வேஸ்ட்டை எடுத்து, யாரு பக்கமும் திரும்பாம முன்கதவத் தொடைக்க ஆரம்பிச்சாரு. வட்ட வட்டமா.

அந்த நேரம் பாத்து அப்பா கோயிலுக்குள்ளருந்து வந்தாரு. நெத்தி நெறையத் துண்ணூறும் வெள்ளைச் சட்டையும் மயில்கண் வேட்டியுமா. எங்க காரைப் பாத்தாரு, நெத்திய சுருக்குனாரு. "மாமா, நீங்க இதுல ஏறுங்க, முன்சீட்டு உங்களுக்குத்தான்"னு கறுப்புக் கார்க் கதவத் தொறந்து புடிச்சாரு எங்கக்கா ஊட்டுக்காரரு. "இதோ வந்துட்டேன் மாப்ளே"ன்னு அப்பா அந்தப் பக்கம் நடந்தாரு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோவம் வந்துச்சுன்னு தெரியல. காரை உட்டு எறங்கி, "நில்லுங்கப்பா!"ன்னு ஒரு கத்துக் கத்துனேன். தவில்காரரு கொட்டறதையே நிறுத்திட்டாரு.

"அந்த முன்சீட்டுல விரிச்சிருக்கற துண்டைப் பாத்தீங்களா? கார் வாங்குன நாளுலருந்து அது உங்களுக்குன்னு விரிச்சு வெச்சிருக்காருங்க. கட்டுன பொண்டாட்டி நானு, அதுல ஒருநாளு உக்காந்ததில்ல. ஊரே என்னைய சவாரிங்குது. நீங்க ஏறுவீங்கன்னுதான் தேய்ச்சாரு, நீங்க ஏறுவீங்கன்னுதான் பூசுனாரு, ஒரு டப்பா மெழுகையும் அப்பி, காயலைன்னு டிரையருக்குக் கொண்டு போயி, பஞ்சு புடிச்சு இப்படி ஆகிப்போச்சு. நூறு மாப்ளே அந்தப் பக்கம் போடறீங்களே, ஒண்ணு இந்தப் பக்கம் போட்டா என்னங்கப்பா கொறைஞ்சா போயிரும்?"

 எங்க ஊட்டுக்காரரு, "புள்ள, சும்மா இரு புள்ள"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுத் தலை நிமுராமத் தொடைச்சுக்கிட்டே இருக்காரு. சனமெல்லாம் அப்பா மூஞ்சியவே பாக்குது.

அப்பா திரும்பி வந்தாரு. கார்க் கண்ணாடியில குனிஞ்சு உள்ள பாத்தாரு. துண்டை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் பானெட்டு மேல ஒரு வெரலை வெச்சு வழிச்சு, கடையில தூளு வாங்கறப்ப மோந்து பாப்பாரே, அதே மாதிரி மூக்குகிட்டக் கொண்டு போனாரு.

"தூளு நல்ல தூளா இருக்குது"ன்னாரு. தொண்டையச் செருமிக்கிட்டாரு. "மாப்ளே!"

"சொல்லுங்க மாமா"ன்னு கறுப்புக் கார்ப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு திரும்பவே இல்ல. அந்த வார்த்தை அவரைக் கூப்புட்டு அவருக்குப் பழக்கமில்லைங்களே.

"உங்களையில்லீங்க"ன்னாரு அப்பா. கைய நீட்டி எங்க ஊட்டுக்காரரு தோளைத் தொட்டாரு. "இவரத்தான் கூப்புட்டேன். மாப்ளே, இந்தக் கதவு எப்புடிங்க தொறக்கறது?"

இவரு நிமுந்தாரு. கையில இருந்த துணி கீழ உளுந்துருச்சு. "மாமா, வேட்டி கறையாயிருமுங்க"ன்னாரு.

"ஆனா ஆகட்டும். தொவைக்கறதுக்கு ஆளா இல்ல? வண்டிய எடுங்க, நேரமாகுதில்ல"ன்னு சொல்லிக்கிட்டே அப்பா கதவத் தொறந்து, முதுகு, தோளு, முழங்கை எல்லாம் மெழுகு பட ஏறி, அந்த வெள்ளைத் துண்டு மேல நல்லா அமந்து உக்காந்தாரு. இவரு ஓடிப்போய் அந்தப் பக்கம் ஏறுனாரு.  சாவியப் போட்டாக் காரு கெளம்பல. வழியில தொடைக்கறேன்னு எறங்கி எறங்கி, மலையில மேகத்துக்குப் போட்ட லைட்டை இவரு அணைக்காம உட்டதுல பேட்டரி எறங்கிப் போச்சு.

"மாப்ளே, கொஞ்சம் தள்ளுங்க"ன்னு அப்பா சன்னல்ல தலைய நீட்டி எங்கக்கா ஊட்டுக்காரரைப் பாத்துச் சொன்னாரு. மாமனாரு சொல்லித் தட்ட முடியுங்களா? ரெண்டு உள்ளங்கையும் டிக்கியில பதிய, அவரு தள்ள, எங்க சித்தப்பா தள்ள, ஒறம்பரை பூராவும் சேந்து தள்ளுச்சு. மண்டபத்துல பொண்ணு ஊட்டுக்காரங்க எங்க ஆளுங்க கையப் பாத்துட்டு, "உங்க பக்கத்துல ஆம்பளைங்களும் மருதாணி வெப்பாங்களா?"ன்னு கேட்டது அப்பறம் நடந்த கதை.

காரு ஒரு குலுக்குக் குலுக்கிக் கெளம்புச்சு. தவில் மறுபடியும் ஆரம்பிச்சுச்சு. "பஞ்சுன்னு சொன்னாளே, அது எங்கிருந்துங்க மாப்ளே வருது?"ன்னு அப்பா கேக்கறது எனக்குக் கேட்டுச்சு. "அதுங்களா மாமா, காம்புல நாரு இருக்குமில்லீங்களா"ன்னு இவரு ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரும் என்னைய ஏத்திக்கணும்ங்கறதையே மறந்துட்டாங்க. நான் பட்டுச்சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, பின்னாலயே ஓடி, ஓடற கார்க் கதவத் தொறந்து பின்சீட்டுல ஏறி உளுந்தேன். முன்னால ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போனாங்க. நான் ஏறுனனா இல்லையான்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.